குரெஸ்ஸாரே நடுச்சதுக்கம்: ஒரு தராசு, ஒரு மன்றம், ஒரே கல்

குரெஸ்ஸாரே நடுச்சதுக்கத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து கடக்க இரண்டு நிமிடம் போதும். தலைநகர் தாலினிலிருந்து அங்கே போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகும். பலர் கவிழ்வது இந்தக் கணக்கில்தான். காலை பஸ்ஸைப் பிடித்து, மதியம் இறங்கி, சதுக்கத்தில் நாலு படம் எடுத்து, கோட்டைக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டு மாலை பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். ஊர் திரும்பியதும் "கோட்டை பரவாயில்லை, சதுக்கத்தில் ஒன்றுமில்லை" என்று எழுதிவைக்கிறார்கள். பொய் சொல்லவில்லை. அந்த வேகத்தில் பார்த்தால் அங்கே ஒன்றுமில்லைதான்.

முதலில் இடம். எஸ்டோனியாவின் தீவுகளில் மிகப் பெரியது சாரெமா. அந்தத் தீவின் ஒரே நகரம் குரெஸ்ஸாரே. மக்கள்தொகை ஏறத்தாழ 13,000. சதுக்கத்தை ஊரார் 'கெஸ்க்வேல்யாக்' என்கிறார்கள். 'கெஸ்க்' என்றால் நடு, 'வேல்யாக்' என்றால் திடல். பெயர்தான் சதுக்கம், வடிவம் சதுரமில்லை. வடக்கே பெருநிலத்திலிருந்து வரும் தாலினா தெருவும் தெற்கே கோட்டைக்குப் போகும் லோஸ்ஸி தெருவும் சந்திக்கும் இடத்தில் தெரு கொஞ்சம் வயிறு பெருத்த மாதிரி அகன்றிருக்கிறது, அவ்வளவுதான். சந்தை கூடவும் வண்டி திருப்பவும் வேண்டிய அளவுக்கு அகலம்.

அங்கே போவதற்குக் கடலைத் தாண்ட வேண்டும். தாலின் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும் குரெஸ்ஸாரே பஸ் விர்ட்சு என்ற துறைக்கு வந்து, அப்படியே கப்பலுக்குள் ஏறிவிடும். ஊரார் இந்தக் கப்பலை 'பிராம்' என்பார்கள். ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீரிணை. அரை மணிக்குள் மூஹு தீவின் குய்வஸ்டு துறை வந்துவிடும். இந்த வழியில் ஓடும் பெரிய கப்பல்கள் இரண்டுக்கும் டோல், பிரெட் என்று பெயர். டோல் சாரெமாவின் நாட்டுப்புறக் கதைகளில் வரும் ராட்சதன், கடலில் நடந்தே அக்கம்பக்கத் தீவுகளுக்குப் போனவன். பிரெட் அவன் மனைவி. அவன் பெயரையே கப்பலுக்கு வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. குய்வஸ்டுவில் இறங்கிய பிறகு மூஹு தீவைக் குறுக்கே கடந்து, 1896-இல் திறந்த கடற்பாலக் கரைச்சாலை வழியாகச் சாரெமாவுக்குள் நுழைய வேண்டும். துறையிலிருந்து குரெஸ்ஸாரே சுமார் 75 கிலோமீட்டர்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கப்பல் கிளம்பியதும் எல்லோரும் பஸ்ஸை விட்டு இறங்கி மேல்தளத்துக்குப் போவார்கள். அங்கே சிற்றுண்டிக் கடையும் சன்னலோர இருக்கைகளும் உண்டு. கீழே 150 கார்வரை நிற்கும். அவற்றோடு இரண்டு மூன்று பஸ்களும் நிற்கலாம், ஒரே நிறத்தில். இறங்கும்போதே உங்கள் பஸ் எந்த ஓரத்தில், எந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். கரை நெருங்கும் அறிவிப்பு வந்ததும் கீழே இறங்கிவிட வேண்டும். காப்பிக் கோப்பையை முடித்துவிட்டு வரலாம் என்று உட்கார்ந்தால், முன்வாசல் திறந்து வண்டிகள் நகரத் தொடங்கியிருக்கும்.

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போவதானால் சிக்கல் வேறு. வெள்ளிக்கிழமை பிற்பகல் தாலின்காரர்கள் பாதிப்பேர் தீவை நோக்கிக் கிளம்புவார்கள். ஞாயிறு பிற்பகல் அதே கூட்டம் திரும்பும். அந்த நேரங்களில் அந்தத் திசையில் வண்டிக் கட்டணமும் கூடுதல். இணையத்தில் குறிப்பிட்ட நேரக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தவர்களுக்குத் துறையில் தனி வரிசை உண்டு. ஆனால் குறித்த நேரத்துக்கு முன்பே துறை வாயிலைக் கடந்திருக்க வேண்டும். தவறவிட்டால் டிக்கெட் வீணாகாது, உங்களைப் பொது வரிசைக்கு அனுப்புவார்கள். கோடை ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பொது வரிசை எத்தனை கப்பல் நீளம் என்பது அன்றைய வானிலையைப் பொறுத்தது. ஆகவே செவ்வாய் போய் வியாழன் திரும்புங்கள். அது முடியாவிட்டால் திங்கள் காலை வரை தங்கிவிடுங்கள். எப்படியானாலும் ஓர் இரவாவது தங்க வேண்டும். ஏன் என்பது சதுக்கத்தைப் பார்த்த பிறகு தெரியும்.

குரெஸ்ஸாரே பஸ் நிலையத்திலிருந்து சதுக்கம் பொடிநடையில் பத்து நிமிடத்துக்குள். சக்கரப் பெட்டி வைத்திருந்தால் பழைய தெருக்களின் உருண்டைக் கற்கள் சக்கரத்தைப் பதம் பார்க்கும். நடைபாதை ஓரத்துச் சமதளக் கல்லில் இழுத்துப் போங்கள்.

சதுக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியவை எதிரெதிரே நிற்கும் இரண்டு கட்டடங்கள். ஒன்று 'ராயேகோடா', நகரமன்றம். மற்றது 'வாயேகோடா', எடை மண்டபம். பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம். நகரமன்றம் பெரியது, அழகானது, எல்லாப் படத்திலும் வருவது. எடை மண்டபம் சிறியது, இப்போது சாப்பாட்டுக் கடையாகிவிட்டது, ஆகவே யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எங்களைக் கேட்டால் எடை மண்டபத்திலிருந்துதான் தொடங்கச் சொல்வோம்.

1660-களில் கட்டியது அது. படிப்படியாக ஏறும் முகடுள்ள முகப்பு, அந்தக் காலத்தில் ஹாலந்திலிருந்து பால்டிக் கரையெங்கும் பரவிய பாணி. படிமுகடு வெறும் அலங்காரமில்லை. கூரையின் ஓரத்தை மறைத்து மேலே எழும் அந்தச் சுவர், கடற்காற்று ஓட்டுக்கடியில் புகுந்து ஓட்டைக் கிளப்பாமல் தடுக்கும். தாலினிலும் சதுக்கத்தில் ஓர் எடை மண்டபம் இருந்தது. 1944 மார்ச் குண்டுவீச்சில் சிதைந்து, போருக்குப் பிறகு இடித்துத் தள்ளப்பட்டது. அதனால் எஸ்டோனியாவில் எஞ்சி நிற்கும் எடை மண்டபம் குரெஸ்ஸாரேயின் இந்தச் சின்னக் கட்டடம்தான்.

எடை மண்டபம் என்ன செய்தது? சந்தைக்கு வரும் தானியம், வெண்ணெய், கம்பளி, உப்பு எதுவானாலும் பெரிய அளவில் கைமாறுவதானால் நகரத்தின் தராசில் நிறுத்தாக வேண்டும். உத்தரத்திலிருந்து தொங்கும் இரும்புத் துலாக்கோல், இரண்டு பக்கமும் சங்கிலியில் பலகைத் தட்டு, மன்றத்தின் முத்திரை குத்திய எடைக்கற்கள், சத்தியப்பிரமாணம் செய்த நிறுப்பவர். நிறுத்ததற்குக் கட்டணம் நகரத்துக்கு. வணிகர் தன் வீட்டுத் தராசில் நிறுத்து விற்றால் குற்றம். நகரத்துக்கு இது வருமானம், வாங்குபவருக்குப் பாதுகாப்பு, விற்பவருக்குத் தலைவலி.

தலைவலிக்குக் காரணம் பவுண்டு. அன்றைய பால்டிக் கரையில் 20 பவுண்டு ஒரு லீஸ்பவுண்டு. 20 லீஸ்பவுண்டு ஒரு கப்பல்பவுண்டு. அதாவது கப்பல்பவுண்டுக்கு 400 பவுண்டு. கணக்கு எளிது. ஆனால் எந்த ஊர்ப் பவுண்டு? பின்னாளில் கிராமில் அளந்தபோது ரீகா பவுண்டு சுமார் 419 கிராம், தாலின் பவுண்டு சுமார் 430 கிராம். ஒரு பவுண்டில் 11 கிராம் யாருக்கும் உறைக்காது. ஒரு கப்பல்பவுண்டில் அதுவே 4.4 கிலோ. பத்துக் கப்பல்பவுண்டு ரை தானியம் ஏற்றினால் 44 கிலோ, ஒரு மூட்டை காணாமல் போயிருக்கும். யாரும் திருடியிருக்க மாட்டார்கள், இரண்டு ஊர் எடைக்கல் அதைத் தின்றிருக்கும். இந்தச் சண்டை எழுந்தால் தீர்க்க வேண்டியவர்கள் தெருவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எடை மண்டபமும் மன்றமும் ஒன்றையொன்று பார்த்து நிற்பதைத் தற்செயல் என்று நினைக்க முடியவில்லை.

இனி அந்த எதிர்ப்பக்கம். நகரமன்றம் 1654-இல் தொடங்கி 1670-இல் முடிந்தது. கட்டுவித்தவர் மாக்னுஸ் காப்ரியேல் டெ லா கார்டி, ஸ்வீடன் அரசவையின் பெரும் பணக்காரப் பிரபு. அவருடைய பட்டங்களில் ஒன்று அரென்ஸ்பர்க் கோமகன். அரென்ஸ்பர்க் என்பது இந்த ஊரின் ஜெர்மன் பெயர். ஒரு தீவின் சிற்றூருக்கு ஸ்வீடன் பிரபு ஏன் மன்றம் கட்ட வேண்டும் என்று கேட்டால், ஊர் கைமாறிய கதையைச் சொல்ல வேண்டும். சுருக்கமாகவே சொல்லலாம். 1228-இல் தொடங்கிய ஆயர் ஆட்சியின் கடைசி ஆயர், போர் நெருங்குவதைப் பார்த்து 1559-இல் நிலத்தை டென்மார்க் மன்னருக்கு விற்றுவிட்டார். மன்னர் அதைத் தம்பி மாக்னுஸிடம் கொடுத்தார். அவர் 1563-இல் குரெஸ்ஸாரேக்கு நகர உரிமை வழங்கினார். 1645 உடன்படிக்கையில் தீவு ஸ்வீடனுக்குப் போனது. 1710-இல் ரஷ்யா. ரஷ்யாவும் ஸ்வீடனும் மோதிய அந்த வடக்குப் பெரும்போரிலும் கூடவே வந்த கொள்ளைநோயிலும் ஊர் ஏறக்குறையக் காலியானது. மன்றமும் சேதப்பட்டது, பிறகு செப்பனிட்டார்கள்.

டெ லா கார்டியின் பணம் எங்கே போனது என்று பார்க்க வேண்டுமானால் வாசலுக்கு முன் போய் நில்லுங்கள். பரோக் என்ற, அலங்காரம் மிகுந்த அன்றைய ஐரோப்பியப் பாணியில் கல்லில் செதுக்கிய வாசல் சட்டகம், 1670 என்ற ஆண்டோடு. மற்றச் சுவரெல்லாம் அடக்கமானது; வடக்கத்திய பரோக்கில் இதுதான் வழக்கம், செலவு முழுவதும் வாசலில். நெடுங்காலமாகச் சுற்றுலாத் தகவல் மையமும் ஓவியக் கூடமும் இந்தக் கட்டடத்தில்தான் இருந்துவருகின்றன. உள்ளே போகக் கிடைத்தால் மேல்மாடிக் கூடத்தின் கூரை ஓவியத்தைக் கேட்டுப் பாருங்கள். அது இந்தக் கட்டடத்துக்காக வரைந்ததில்லை. ஊரின் ஒரு பழைய வீட்டில் கண்டெடுத்து இங்கே கொண்டுவந்து பொருத்தியது. எஸ்டோனியாவின் கூரை ஓவியங்களில் இதுவே பெரியது என்பார்கள். கூடத்தில் கூட்டம் நடந்தாலோ பூட்டியிருந்தாலோ பார்க்க முடியாது. வார நாளில் காலையில் கேட்டால் வாய்ப்பு அதிகம்.

இப்போது கல். இந்த ஊரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போகலாம் என்றால் அது டோலமைட். நகருக்கு வடக்கே சற்றுத் தொலைவில் கார்மா என்ற ஊர்ப்பக்கத்துக் கல்குழிகளிலிருந்து வருவது. நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிலூரியக் காலத்து வெப்பக் கடலின் அடிமண். பார்வைக்குச் சுண்ணாம்புக்கல் மாதிரியே இருக்கும், ஆனால் சுண்ணாம்போடு மக்னீசியமும் கலந்தது. குழியிலிருந்து ஈரத்தோடு எடுத்த கல் இளகலாக இருக்கும், உளிக்கு மசியும். காயக் காய இறுகும். ஆகவே சிற்பி ஈரம் போவதற்குள் செதுக்கி முடிக்க வேண்டும். மன்ற வாசலின் மடிப்புகளும் கோட்டையின் சன்னல் வளைவுகளும் சாத்தியமானது இந்தக் குணத்தால்தான்.

மன்ற வாசலுக்கு ஓரடி தூரத்தில் நின்று, பக்கத்தூணின் மீது கண்ணை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடுகள் தெரியும், புத்தகத்தின் தாள்விளிம்பு மாதிரி. அது கடலடியில் படிந்த அடுக்கு. கல் குழியில் எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே சுவரிலும் படுத்திருந்தால் கோடுகள் கிடைமட்டமாக இருக்கும். மேலே உள்ள எடை அடுக்குகளை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உயரமான தூண் வேண்டும் என்று கல்லை நிமிர்த்தி வைத்தால் கோடு செங்குத்தாகிவிடும். அப்போது மழைநீர் அடுக்குக்குள் இறங்கும், உறையும், உறையும்போது ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருகும். ஒவ்வொரு உறைவுக்கும் ஒரு மயிரிழை விலகும். பல பத்தாண்டு கழித்து ஒரு நாள் தோல் உரிகிற மாதிரி ஒரு பட்டை கழன்று விழும். பழைய சட்டகங்களில் அங்கங்கே நிறம் வேறுபட்ட ஒட்டுக்கல் தெரிந்தால், அநேகமாக அங்கே இதுதான் நடந்திருக்கும்.

இதில் பலர் தவறாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. கல்லுக்குப் பகை கடுங்குளிர் என்று நினைக்கிறோம். மைனஸ் இருபதில் ஒரு மாதம் அப்படியே உறைந்து கிடந்தால் கல்லுக்குப் பெரிய சேதமில்லை. உள்ளேயுள்ள நீர் ஒருமுறைதான் உறைகிறது. சாரெமாவின் குளிர்காலம் கடலால் மிதமானது, பூஜ்யத்துக்கு இரண்டு டிகிரி மேலும் கீழும் ஊசலாடுவது. பகலில் உருகி இரவில் உறைந்தால் ஒரே வாரத்தில் ஏழு முறை. தெருவில் தூவும் உப்பு அதோடு சேர்ந்தால் இன்னும் மோசம். உப்புநீர் கல்லின் நுண்துளைக்குள் ஏறிக் காயும்போது உப்புப் படிகம் உள்ளிருந்து தள்ளும். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரையுள்ள கற்கள் மேலே உள்ளவற்றைவிடப் பொரிந்திருப்பதை ஊரெங்கும் பார்க்கலாம்.

துரு இன்னொரு எதிரி. பழைய கொத்தர்கள் கற்களை ஒன்றோடொன்று பிணைக்க இரும்புக் கொக்கி வைத்து ஈயம் ஊற்றுவார்கள். ஈயம் நன்றாக மூடியிருந்தால் நூற்றாண்டுகள் தாங்கும். எங்கோ நீர் புகுந்து இரும்பு துருவேறினால் அது பல மடங்கு ஊதி, கல்லின் மூலையை வெடிக்க வைக்கும். செம்பழுப்புக் கறை வழிந்த மூலையையும், அதற்குப் பக்கத்தில் சரிந்து போகும் விரிசலையும் சேர்த்துப் பார்த்தால் உள்ளே கொக்கி இருக்கிறது என்று அர்த்தம். செப்பனிடும்போது சுண்ணச்சாந்துக்குப் பதில் சிமெண்ட் பூசினால் வேறு வகைக் கேடு. சிமெண்ட் கல்லைவிடக் கடினம், ஈரத்தை வெளியே விடாது. ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்த்து, கல் கரையும், சாந்து மட்டும் வரப்பு மாதிரி துருத்தி நிற்கும்.

டோலமைட்டா சுண்ணாம்புக்கல்லா என்று சோதிக்க ஆசையிருந்தால் கடற்கரையில் பொறுக்கிய கூழாங்கல்லில் செய்யுங்கள், கட்டடத்தில் வேண்டாம். நீர்த்த அமிலத் துளி பட்டால் சுண்ணாம்புக்கல் நுரைத்துப் பொங்கும். டோலமைட் முழுக்கல்லாக இருக்கும்போது சும்மா இருக்கும், சுரண்டிப் பொடியாக்கினால்தான் மெல்ல நுரைக்கும்.

தெருவிலும் வயலிலும் கிடக்கும் உருண்டைக் கருங்கல் வேறு இனம். அது இந்தத் தீவுக்காரன் இல்லை. பனியுகத்தில் வடக்கேயிருந்து பனிப்பாறை உருட்டிக்கொண்டு வந்தது. சுவருக்கு ஊர்க்கல், காலடிக்கு வந்தேறிக் கல். மழைக்குப் பிறகு பாருங்கள்: டோலமைட் சாம்பலிலிருந்து இளமஞ்சள் கலந்த தேன் நிறத்துக்குப் போகும், கருங்கல் சிவப்பும் கறுப்புமாக மின்னும். மழை வந்தால் ஓடி உள்ளே போய்விடாதீர்கள் என்பதற்கு இது ஒரு காரணம்.

அருகிலேயே சந்தை, 'துர்க்'. கோடையில்தான் உயிரோடு இருக்கும். ஸ்ட்ராபெர்ரி, புகையிட்ட தட்டைமீன், தேன், கம்பளிக் காலுறை, இவற்றோடு டோலமைட்டில் கடைந்த மெழுகுவர்த்தித் தாங்கிகள், சின்ன உரல்கள், ஜூனிபர் மரத்தில் செய்த வெண்ணெய்க் கத்திகள். இரண்டிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. டோலமைட் ஒரு பத்து சென்டிமீட்டர் கனசதுரம் இரண்டே முக்கால் கிலோ இருக்கும். விமானப் பெட்டியின் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள். அந்த உரலில் புளிச் சட்னியோ எலுமிச்சை சேர்ந்ததோ அரைக்கக் கூடாது. அமிலம் மேற்பரப்பைத் தின்று சொரசொரப்பாக்கும், பொடி உணவில் கலக்கும். மிளகு, சீரகம் பொடிக்க நன்றாக இருக்கும்.

ஜூனிபர் மெதுவாக வளரும் சிறு மரம், அடிமரம் பெரிதாகப் பருக்காது. ஆகவே அகலமான ஜூனிபர்ப் பலகை என்று ஒன்றைக் காட்டினால் அது பல துண்டுகளை ஒட்டியதாகத்தான் இருக்கும். அதில் குற்றமில்லை, ஒட்டின கோடு நேராகவும் இடைவெளியில்லாமலும் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். உண்மையான ஜூனிபரை உள்ளங்கையில் தேய்த்தால் மிளகும் பிசினும் கலந்த மணம் வரும். வாசனையே இல்லையென்றால் விலை பேச வேண்டாம். வீட்டில் ஊறவைக்கவோ பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவோ கூடாது. கழுவியதும் துடைத்து, எப்போதாவது கொஞ்சம் எண்ணெய் தடவினால் மணம் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சதுக்கத்தைச் சுற்றிய கடைகளில் மீனும் இறைச்சியும் நன்றாக இருக்கும். சைவர்களுக்குச் சூப்பும் உருளைக்கிழங்கும் கம்பு ரொட்டியும். இங்கே கம்பு என்பது ரை என்ற தானியம், நம் கம்பு இல்லை. 'காமா' கிடைத்தால் விடாதீர்கள். பார்லி, ரை, ஓட்ஸ், பட்டாணி எல்லாம் வறுத்து அரைத்த மாவு, புளித்த மோரில் கலக்கிக் குடிப்பது. சத்துமாவு குடித்து வளர்ந்தவர்களுக்கு முதல் மடக்கிலேயே உறவு புரிந்துவிடும்.

சதுக்கத்திலிருந்து தெற்கே லோஸ்ஸி தெருவில் பத்து நிமிடம் நடந்தால் கோட்டை. வழியில் இரண்டு நிறுத்தம். ஒன்று, விடுதலைப் போரில் இறந்த தீவுக்காரர்களுக்கான நினைவுச்சின்னம். அமாந்துஸ் ஆடம்சன் செய்து 1928-இல் திறந்தது, 1941-இல் உடைத்தது, 1990-இல் மறுபடி நிறுத்தியது. இந்த மூன்று ஆண்டுகளில் இருபதாம் நூற்றாண்டு எஸ்டோனியாவின் பாதி வரலாறு அடங்கிவிடும். மற்றது 1790-இல் கட்டி முடித்த புனித நிக்கோலாஸ் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம். கோட்டையைப் பற்றி எல்லா வழிகாட்டி நூலும் பக்கம் பக்கமாகச் சொல்லும். பால்டிக் நாடுகளில் இடைக்காலத்து உருவம் குலையாமல் நிற்பது, உள்ளே சாரெமா அருங்காட்சியகம், குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். கோடைக்கு வெளியே எல்லா நாளும் திறப்பதில்லை, முன்கூட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கட்டடக்கலையில் ஆர்வமிருந்தால் ஒரு தகவல். அகமதாபாத் ஐஐஎம்-மையும் டாக்கா நாடாளுமன்றத்தையும் வடிவமைத்த லூயி கான், 1906-இல் குடும்பம் அமெரிக்கா போகும்வரை இந்த ஊரில் வளர்ந்த குழந்தை. கோட்டையின் கனத்த சுவரில் ஆழமாகத் துளைத்த சன்னல்களைப் பார்த்த பிறகு அகமதாபாத் செங்கல் வளைவுகளை நினைத்துப் பாருங்கள். ஐந்து வயதுச் சிறுவன் எவ்வளவு பார்த்திருப்பான் என்று கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு.

பழைய வரைபடமோ அஞ்சல் அட்டையோ வாங்குகிறவர்கள் பெயரில் தடுமாறுவார்கள். ஜெர்மன் கால அட்டையில் அரென்ஸ்பர்க். 1952 முதல் 1988 வரை இந்த ஊருக்குக் கிங்கிசெப்பா என்று பெயர், சாரெமாவில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் விக்டர் கிங்கிசெப் பெயரில். மூன்றும் ஒரே ஊர். சோவியத் காலத்தில் சாரெமா எல்லைக் காவல் பகுதி. பெருநிலத்து எஸ்டோனியர்களே அனுமதிச் சீட்டு இல்லாமல் வர முடியாது. நகர நடுவில் பெரிய கான்கிரீட் கட்டடங்கள் எழாமல் போனதற்கு அந்தப் பூட்டும் ஒரு காரணம். சதுக்கத்தின் இன்றைய தளமும் விளக்குகளும் புதியவை. 2018-இல் வந்த குடியரசின் நூற்றாண்டையொட்டிச் சிறு நகரங்களின் நடுத்திடல்களைப் புதுப்பிக்க ஒரு திட்டம் வகுத்தார்கள். குரெஸ்ஸாரேயும் அதில் வந்தது. கார்களைக் குறைத்து நடப்பவர்களுக்கு இடம் விட்டார்கள். நல்ல வேலை, பழைய கட்டடங்களோடு போட்டி போடவில்லை.

எப்போது போவது? ஜூன் கடைசியில் சூரியன் அதிகாலை நாலரைக்குள் எழுந்து இரவு பத்தரைக்கு மேல்தான் விழும். பகல் பஸ்கள் போன பிறகு, இரவு எட்டிலிருந்து பத்து வரை சதுக்கத்தில் சாய்ந்த வெயில் இருக்கும். கல்லின் அடுக்குக் கோடுகளும் உளித் தடமும் நண்பகலில் தட்டையாகத் தெரியும்; இந்தச் சாய்வெளிச்சத்தில்தான் எழும்பி நிற்கும். ஓர் இரவு தங்கச் சொன்னது இதற்காகத்தான். ஜூலையில் கோட்டை முற்றத்தில் ஓபரா விழா நடக்கும் நாட்களில் அறை கிடைப்பது அரிது, வாடகையும் ஏறும்; இசை கேட்கப் போகாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

டிசம்பரில் கதை தலைகீழ். காலை ஒன்பதுக்கு மேல் விடிந்து மூன்றரைக்கு இருட்டிவிடும். சந்தை அடங்கியிருக்கும், கடைகள் சீக்கிரம் மூடும், ஆனால் பனி விழுந்த சதுக்கத்தில் நீங்களும் கிறிஸ்துமஸ் மரமும் மட்டும் இருக்கும் மாலை கிடைக்கலாம். அதற்கு மூன்று ஏற்பாடு வேண்டும். செருப்புக் கடையில் விற்கும் முள் பட்டையைக் காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளுங்கள். உருகி மறுபடி உறைந்த தளத்தில் ரப்பர் அடி கொஞ்சமும் பிடிக்காது. சுவரோரம் நடக்காதீர்கள், கூரை விளிம்பிலிருந்து ஈட்டி மாதிரி தொங்கும் பனிக்கூர் உருகும் நாளில் சொல்லாமல் விழும். நடைபாதையில் நாடா கட்டியிருந்தால் தாண்டிப் போகாமல் தெருவுக்கு இறங்கிச் சுற்றுங்கள்.

மூன்றாவது 'ஹெல்குர்', ஒளி பிரதிபலிக்கும் சிறு தகடு. இருட்டில் தெருவில் நடப்பவர் அணிய வேண்டும் என்பது எஸ்டோனியச் சட்டம். மளிகைக் கடையிலேயே கிடைக்கும், விலை காப்பியைவிடக் குறைவு. பலரும் முதுகுப்பையின் மேலே மாட்டிவிடுகிறார்கள். அங்கே அது வீண். காரின் தாழ்விளக்கு விழும் உயரம் முழங்கால் மட்டம். கோட்டின் வலப்பக்கப் பையில் ஊக்கால் குத்தி, கயிறு முழங்கால்வரை தொங்கும்படி விட வேண்டும். நடக்கும்போது அது ஆடிச் சுழலும், அந்த மினுக்கல்தான் ஓட்டுநர் கண்ணில் முதலில் படுவது.